படத்துக்காகத் திறந்து வைத்த காயம்

வீட்டில் அவருக்கு 'விருந்தாளி' என்று பெயர். வைத்தது அவருடைய மனைவி. வெளியில் எல்லோருக்கும் அவர் படக்காரர். முதுகில் பையோடு அவர் படியேறி வரும்போது, சலவைக் கடையில் நாள் முழுக்கத் துணி தேய்த்துவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாள் எழுந்திருக்கக்கூட மாட்டார்.

"வாங்க விருந்தாளி. தங்குறதா உத்தேசமா, இல்ல துணிய மாத்திக்கிட்டு அப்படியே அடுத்த பஸ்ஸா?"

"இந்த வாய்க்குப் பயந்துதான் நான் ஊர் ஊரா ஓடுறேன்."

"ஓடுங்க, யாரு பிடிச்சு வெச்சா? ஓடுற இடத்துலயாவது நேரத்துக்குச் சாப்பிடுங்க. கண்ணாடியில பாத்தீங்களா? கன்னம் ரெண்டும் உள்ள போயி ஒண்ணோட ஒண்ணு பேசிக்குது."

சொல்லிக்கொண்டே தட்டில் சோற்றைப் போட்டுவிடுவார். அவர்களுடைய சண்டை அவ்வளவுதான். பிள்ளை இல்லை. அந்தக் குறையை இருவரும் ஆண்டவன் காலடியில் வைத்துவிட்டு, அதைப் பற்றிப் பேசுவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

படக்காரர் முதலில் ஊர் சுற்றுகிறவர் இல்லை. கடைத்தெரு மாடியில் ஒரு சின்ன ஸ்டூடியோவில், விண்ணப்பத்தில் ஒட்டுகிற சின்னப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். முகவாயைத் தூக்குங்க, தோளை இறக்குங்க, கண்ணை மூடாதீங்க. காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை இதே மூன்று பேச்சு. ஒருநாள் பத்திரிகைக்காரர் ஒருவர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். ஆறு உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்துவிட்டது, கூட வரவேண்டிய பத்திரிகைப் படக்காரருக்குக் காய்ச்சல், நீ வருகிறாயா என்று கேட்டார். இவரும் கடையைச் சாத்திவிட்டுப் போனார்.

தண்ணீருக்கு நடுவே ஒரு வீட்டுக் கூரை மேல் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்ததை அன்று பார்த்தார். முகவாயைத் தூக்குங்க என்று அங்கே யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திரும்பி வந்து ஸ்டூடியோவில் கறுப்புத் துணிக்கு முன்னால் நின்றபோது அவருக்குக் கை ஓடவில்லை. அதற்குப் பிறகு செங்கல் சூளை, மீன் இறக்குகிற துறை, உப்பளம், ரயில் பாதை ஓரத்துக் கூடாரம் என்று போய்க்கொண்டேயிருந்தார். உட்கார்ந்தபடி பஸ்ஸில் தூங்கப் பழகியவருக்குக் கட்டிலில் தூக்கம் வராமல் போனது. முழங்கால் தேய்ந்தது. எந்தக் கடைக்குள் போனாலும் முதலில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பார். அப்புறம்தான் கேட்க வந்த சாமானைக் கேட்பார்.

வேலையில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. ஓர் இடத்துக்கு முதல் தடவை போனால் கேமராவைப் பையிலிருந்து எடுக்க மாட்டார். டீ குடிப்பார், பேசுவார், வந்துவிடுவார். மறுபடி போவார். மூன்றாவது நான்காவது தடவைதான் படம். யாரையும் இப்படி நில், அப்படித் திரும்பு என்று சொல்வதில்லை. இருப்பது இருக்கிறபடி வரவேண்டும் என்பார். சனங்களுக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

வினை பாலத்தில் ஆரம்பித்தது. ஓர் ஆற்றின் குறுக்கே, உடைந்த பாலத்தின் ஒற்றைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெண்கள் கடந்து போவதை அவர் எடுத்தார். படம் பத்திரிகையில் பெரிதாக வந்தது. கொஞ்ச நாளில் அங்கே புதுப் பாலமும் வந்தது. இவர் படம் எடுத்தார், பாலம் வந்தது என்று லாரிக்காரர்கள் வாயிலேயே அந்தச் செய்தி ஊர்விட்டு ஊர் போனது. உள்ளது வேறு. பாலத்துக்கு உத்தரவு முன்னாலேயே ஆகியிருந்தது. கரையில் கம்பியும் சிமெண்டும் இறங்கிக் கிடந்ததைப் படம் எடுத்த அன்றே அவர் கண்ணால் பார்த்தார். படத்தின் ஓரத்துக்கு அந்தப் பக்கம் அது கிடந்தது.

"உள்ளதச் சொல்லிட வேண்டியதுதானே?" என்றார் மனைவி.

"சொல்றேன். சொல்லச் சொல்ல, பாருங்க எவ்வளவு அடக்கம்னு சொல்றாங்க."

"ம். அது உங்களுக்கும் கொஞ்சம் இனிக்குது."

அவர் லென்ஸைத் துடைத்தார். கொஞ்சம் இனிக்கத்தான் செய்தது. மனுஷன்தானே.

போகப்போக, போகிற இடமெல்லாம் அவருக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். ஒழுகுகிற கூரையைக் காட்டினார்கள், வறண்ட குழாயைக் காட்டினார்கள். எடுப்பார். அனுப்புவார். சிலது பத்திரிகையில் வரும், பலது வராது. கூரை ஒழுகிக்கொண்டேயிருக்கும். ஆனாலும் பாலம் வந்ததைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருந்தார்கள்.

அவர் அடிக்கடி போய்வந்த இடங்களில் ஒன்று கல் உடைக்கும் குவாரி. குவாரியை ஒட்டி வேலைக்காரர்களுக்கு வரிசையாக ஒற்றை அறை வீடுகள். எல்லாவற்றின் மேலும் மாவு கொட்டினதுபோல் கல் தூசி. அங்கே கடைசி வீட்டில் நெட்டையன் என்று ஒருவன் இருந்தான். வாசலில் குனியாமல் நுழைந்து தலையை இடித்துக்கொள்வதே அவனுக்கு வேலை. "இந்த வீடு என்னை அளவெடுக்காமக் கட்டிட்டாங்கண்ணே" என்று சிரிப்பான். அவன் பெண்டாட்டி சல்லிக்கல் அள்ளுகிறவள். அவள் தம்பி அதே குவாரியில் லாரிக்குக் கல் ஏற்றுகிறவன். அவனை எல்லோரும் லோடுகாரன் என்பார்கள். படக்காரர் போனால் அந்த வீட்டில்தான் உட்காருவார். அண்ணே அண்ணே என்று மூன்று பேரும் உயிரை விடுவார்கள்.

ஒருநாள் படக்காரர் உப்பளத்தில் நின்றுகொண்டிருந்தபோது லோடுகாரன் போன் செய்தான்.

"அண்ணே, அவசரமா ஒரு படம் எடுக்கணும். எப்ப வர்றீங்க?"

"இங்க ஒரு வேலைல இருக்கேன்டா தம்பி. முடிச்சிட்டு நேரா அங்கதான் வர்றேன்."

"கண்டிப்பா வந்துருவீங்கல்ல? நாங்க அப்படியே வெச்சிருக்கோம்."

"வர்றேன், வர்றேன்."

என்ன படம் என்று அவர் கேட்கவில்லை. கூரையாக இருக்கும், குழாயாக இருக்கும். எதை அப்படியே வைத்திருக்கிறீர்கள் என்றும் கேட்கவில்லை. உப்பளத்தில் மேகம் கவிந்து கிடந்தது. வெயில் பட்டு உப்பு பளீரென்று தெரிந்தால்தான் அந்தப் படம் படம். வெயில் வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். இன்று வரும், நாளை வரும் என்று மேகத்தைப் பார்த்தே நாட்களைக் கழித்தார். வந்தது. எடுத்தார். மனம் நிறைந்து, குவாரிக்குப் பஸ் ஏறினார்.

கடைசி வீட்டு வாசலில் லோடுகாரன் நின்றுகொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அக்கா! வந்துட்டாரு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினான்.

வாசலைத் தாண்டுமுன்பே நாற்றம் வந்து மூக்கில் அடித்தது. நெட்டையன் கட்டிலில் படுத்திருந்தான். அவன் நீளத்துக்குக் கட்டில் போதாமல், வலது காலுக்கு மட்டும் கீழே ஒரு பலகை வைத்து, வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். முகம் காய்ச்சலில் பளபளத்தது.

"வாங்கண்ணே. எந்திரிக்க முடியல, தப்பா நினைக்காதீங்க."

"என்னாச்சு?"

லோடுகாரன்தான் சொன்னான். கல் உருண்டு கணுக்காலில் விழுந்திருக்கிறது. அவனைத் தூக்கிக்கொண்டு முதலாளியிடம் போனார்கள். எங்கோ குடித்துவிட்டு விழுந்திருப்பான், என் குவாரியில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிச் செலவும் கிடையாது, வேலையும் கிடையாது.

"அதான், நீங்க படம் எடுத்துப் பேப்பர்ல போட்டுட்டீங்கன்னா அந்தாளு என்ன சொல்ல முடியும்?"

நெட்டையன் பெண்டாட்டி துணியை மெல்ல எடுத்தாள். பெட்டிக்குள் பத்திரப்படுத்தியதை எடுத்துக் காட்டுகிற மாதிரி எடுத்தாள். படக்காரர் எத்தனையோ பார்த்தவர். ஆனாலும் கையால் வாயை மூடிக்கொண்டார். கணுக்கால் என்று சொல்லும்படி அங்கே ஒன்றும் இல்லை. விரல்கள் நிறம் மாறியிருந்தன.

"ஏம்மா, கட்டுக்கூடப் போடலியா?"

"போட்டிருந்துச்சுண்ணே. மருந்துக் கடைக்காரர் அன்னைக்கே கழுவிக் கட்டி விட்டாரு. தினம் வந்து மாத்திக்கச் சொன்னாரு." அவள் நல்ல பிள்ளை போலச் சொன்னாள். "நீங்க வர்றேன்னு சொன்னீங்கல்ல, அன்னைக்கே அவுத்துட்டோம். களிம்பும் போடல. போட்டா ஆறிப்போயிடும்ல, அப்புறம் படத்துல என்ன தெரியும்?"

படக்காரர் மனதுக்குள் நாட்களை எண்ணினார். நான் வருகிறேன் என்று சொன்ன அன்றிலிருந்து என்றால், மேகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை நாளுமா? ஆண்டவனே என்று மட்டும் உள்ளே ஒரு குரல் வந்தது. அதற்கு மேல் எதைக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"தம்பி, லாரியக் கொண்டா. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

"போலாம்ணே. எடுத்துட்டுப் போலாம்."

"படம் கிடக்குதுடா! கால் போயிடும்டா!"

"அண்ணே," என்றான் நெட்டையன். குரல் தீனமாக இருந்தாலும் பேச்சு தெளிவாக இருந்தது. "அங்க போனா மொதல்ல கட்டத்தானே போடுவாங்க? அப்புறம் எதக் காட்டுறது? இத்தன நாளு பல்லக் கடிச்சிட்டுப் படுத்திருந்தது எதுக்கு? ஒரே ஒரு படம் எடுத்திருங்க. அப்புறம் நீங்க எங்க கூப்பிட்டாலும் வர்றேன்."

"நான் எடுத்தா ஒண்ணும் நடக்காதுப்பா. அந்தப் பாலம் நான் எடுத்ததால வரல. சத்தியமா வரல."

லோடுகாரன் சிரித்தான். "இவரு எப்பவும் இப்படித்தான் மாமா. தன்னப் பத்திப் பெருசா சொல்லிக்கவே மாட்டாரு."

பேசிப் பயனில்லை என்று அவருக்குப் புரிந்தது. பையைத் திறந்து கேமராவை எடுத்தார். லென்ஸ் மூடியைக்கூடக் கழற்றாமல் கண்ணில் வைத்து, டக் டக்கென்று நாலு தடவை அழுத்தினார்.

"ஆச்சு. கிளம்புங்க."

"காட்டுங்கண்ணே, பாப்போம்." லோடுகாரன் தோளோடு தோளாக வந்து எட்டிப் பார்த்தான். திரை முழுக்கக் கறுப்பு. அவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். "என்னண்ணே, எங்களையே ஏமாத்துறீங்களா? அந்த முதலாளி உங்ககிட்ட ஏதாச்சும் பேசிட்டானா?"

அந்தக் கேள்வியில் நெட்டையன் பெண்டாட்டி துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். இனி எடுக்காமல் இவர்களை வாசல்படிக்கு வெளியே நகர்த்த முடியாது. படக்காரர் மூடியைக் கழற்றினார். மண்டியிட்டார். சீக்கிரம் ஒன்று எடுத்துவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் பழகின கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. வாசல் வெளிச்சம் பலகையில் விழவில்லை என்று கண் கண்டுபிடித்தது.

"கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்கம்மா. நிழல் விழுது."

சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. ஸ்டூடியோவை விட்ட பிறகு யாரையும் நகரச் சொல்லாதவர். அவள் பணிவாக நகர்ந்தாள். வெளிச்சம் நேராக அந்தக் காலின் மேல் வந்து விழுந்தது. எடுத்தார். கண்ணில் நீர் நிறைந்து ஒன்றும் தெரியாமல், கையே எடுத்தது.

லோடுகாரன் திரையைப் பார்த்துவிட்டு, "இது படம்!" என்றான்.

கல் ஏற்றுகிற லாரியில் பாயைப் போட்டு நெட்டையனைப் படுக்கவைத்தார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் படக்காரர் அவன் காலை அலுங்காமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே போனார். வேறு எதுவும் கேட்கவில்லை. அந்தக் கால் மட்டும் போதும் என்று கேட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா துணியை விலக்கிப் பார்த்தார். குனிந்த தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"யாரு இத இப்படித் திறந்து வெக்கச் சொன்னது? கழுவிக் கட்டிட்டு மறுநாளே இங்க வந்திருந்தா, கொஞ்சம் நொண்டிக்கிட்டாவது நடந்திருப்பாரு."

மூன்று பேரும் படக்காரரைப் பார்த்தார்கள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை அது. படித்தவர்களிடம் பேசத் தெரிந்த அண்ணன் நீங்கள்தானே, நீங்களே விளக்கமாகச் சொல்லுங்கள் என்கிற பார்வை.

"என்னாலதாங்க," என்றார்.

"நீங்க யாரு? வைத்தியரா?"

"இல்லீங்க. படம் எடுக்கிறவன்."

டாக்டர் அம்மா அப்போதுதான் அவர் கழுத்தில் தொங்குகிற கேமராவைப் பார்த்தார். திட்டுவார் என்று படக்காரர் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டாக்டர் நர்ஸைப் பார்த்து, "முழங்காலுக்குக் கீழ எடுக்கணும். உடனே ஏற்பாடு பண்ணுங்க," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அறுவை நடக்கிற அறைக்கு வெளியே பெஞ்சில் படக்காரரோடு அக்காளும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். நெட்டையன் பெண்டாட்டி அழவில்லை. "படம் நல்லா வந்திருக்குல்லண்ணே?" என்று மட்டும் கேட்டாள். லோடுகாரன், "அனுப்பிட்டீங்களா?" என்றான். அவர் அங்கிருந்தே பத்திரிகைக்கு அனுப்பினார். ஆசிரியரிடம் பேசவும் செய்தார்.

"பாத்தேன். நீங்க எடுத்ததுலயே இதான் பெஸ்ட்," என்றார் ஆசிரியர். "ஆனா காலங்காத்தால டீ குடிச்சிட்டே பேப்பர் பாக்கிறவன் இதப் பாத்தா டீ இறங்குமா? கொஞ்சம் சாந்தமா வேற இருக்கா? கட்டுப் போட்ட மாதிரி?"

படக்காரர் போனை வைத்துவிட்டார். லோடுகாரன் ஆவலாக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பாப்போம்னு சொன்னாரு என்றார் படக்காரர். அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. போட்டுருவாங்கக்கா என்று அக்காவின் கையைத் தட்டிக்கொடுத்தான்.

மறுநாள் நெட்டையன் கண் விழித்தான். போர்வைக்கு அடியில், கால்மாட்டில் ஒரு பக்கம் மட்டும் மேடாக இருந்தது. அதைப் பார்த்தான்.

"இனிமே நான் பாதி நெட்டையன்," என்றான். சிரிக்க முயன்றான், வரவில்லை. அப்புறம் படக்காரரின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். "நீங்க வந்துட்டீங்கண்ணே. வர மாட்டீங்களோன்னு பயந்துட்டே இருந்தேன். வந்துட்டீங்க."

அடிப்பான், திட்டுவான், மூஞ்சியைத் திருப்பிக்கொள்வான் என்றெல்லாம் நினைத்து மனதைக் கல்லாக்கிக்கொண்டு நின்றவர் இதைத் தாங்கவில்லை. டீ வாங்கி வருகிறேன் என்று பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஆஸ்பத்திரி வாசலில் மனைவிக்குப் போன் செய்தார். நடந்ததைச் சொன்னார்.

"வீட்டுக்கு வந்துருங்க," என்றார் அந்த அம்மாள். விருந்தாளி என்று சொல்லவில்லை.

"வந்து?"

கேட்டுவிட்டுப் படக்காரர் போனை வைத்தார், பிளாஸ்கில் டீ வாங்கினார்.

பிளாஸ்கோடு திரும்பி வார்டுக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றார். வார்டு ஏதோ மாதிரி பரபரப்பாக இருந்தது. நெட்டையன் கட்டில் பக்கத்தில் லோடுகாரன் நின்று, பக்கத்துக் கட்டில்காரர்களிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். பாலம் என்ற சொல் காதில் விழுந்தது. பக்கத்துக் கட்டிலில், சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் ஒருவர். அவர் மனைவி கட்டிலில் ஏறி உட்கார்ந்து, புருஷன் கையிலிருந்த கட்டின் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். எதிர்க் கட்டிலில் வெந்நீர் கொட்டி வந்திருந்த ஒரு பெண்ணுக்கு அவள் அப்பா தோள்பட்டைக் கட்டைச் சுற்றுச் சுற்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க? அவுக்காதீங்க!" என்று படக்காரர் கத்தினார்.

"இதோ ஆச்சு சார், ஆச்சு," என்றாள் கொத்தனார் மனைவி. அவருக்கு அவசரம் என்று நினைத்துக்கொண்டு கையை வேகப்படுத்தினாள்.

"அம்மா, வேண்டாம்மா. நான் எடுக்கப்போறதில்ல. என்னால ஒண்ணும் ஆகாது. நர்ஸம்மா! யாராவது நர்ஸம்மாவக் கூப்பிடுங்க!"

"எடுக்க மாட்டேன்னுதான் மொதல்ல சொல்லுவாரு," என்றான் லோடுகாரன், தன் ஆளைப் பற்றிப் பெருமையாக. "நீங்க அவுத்துருங்க."

படக்காரர் பிளாஸ்கைத் தரையில் போட்டுவிட்டு ஓடிப்போய் கொத்தனார் மனைவியின் கையை விலக்கினார். தொங்கிக்கொண்டிருந்த துணியைத் தனக்குத் தெரிந்தபடி கோணல்மாணலாகச் சுற்றினார். முடிச்சுப் போட்டார். அவர் முடிக்கும்வரை அவள் மரியாதையாகக் காத்திருந்தாள். பிறகு தணிந்த குரலில், "கட்டோட எடுத்தா ஒண்ணும் தெரியாதே சார்," என்று சொல்லிவிட்டு மறுபடி முடிச்சைத் தொட்டாள்.

அவர் அந்த முடிச்சின் மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். கையை எடுத்தால் அவிழ்த்துவிடுவாள். நர்ஸ் வரும் காலடிச் சத்தம் எங்கும் கேட்கவில்லை. ஒரு கையை அங்கே அழுத்திக்கொண்டு, மறு கையை எதிர்ப்பக்கம் நீட்டி, வேண்டாங்க, வேண்டாங்க என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். அந்த அப்பா இவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, மகளுக்கு வலிக்காமல், பொறுமையாக, அடுத்த சுற்றைக் கழற்றினார்.